இரண்டாம் அரசி

தம்பி, கலியாண வீட்டில் கதைக்க ஆள் கிடைக்கும், தனியாகக் கதைக்க ஒரு மூலை கிடைக்காது. உன் அக்காவின் பிள்ளைகள் மேசைக்குக் கீழே வீடு கட்டி விளையாடுகிறார்கள். உன் அப்பாவின் தங்கை பிலோமினா மாமி பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, சுடுகிறவர்களுக்குச் சுடப் பழக்குகிறாள். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, "கறுப்புத்தான், ஆனா மூக்குப் பரவாயில்லை" என்று சொன்னவள் அவள். நான் அதை மறந்துவிட்டேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய காதுக்குத் தப்பி, கோயில் மண்டபத்துப் பின்னறைக்கு வந்து, கூத்து உடுப்புப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணலாக இராது.

முதலில் எனக்குத் தந்த வேலையை முடித்துவிடுகிறேன். உன் மாமனார் போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து வந்தார். தேத்தண்ணீரில் பாதியைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, தம்பி நல்ல பிள்ளை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பொம்பிளை வேசம் வேண்டாம். மீசையை வளர்க்கச் சொல்லுங்கோ. கலியாணப் படத்தில மீசையோட நிக்கட்டும். பிறகும் அது அப்பிடியே இருக்கட்டும்." நான் "சொல்லுறன்" என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். அந்த மனிதர் உனக்குச் செய்தது சின்ன உதவி இல்லை. அதனால்தான் அவருடைய சொல்லும் சின்னச் சொல் இல்லை. கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் கூத்து வருகிறது. மீசை இருந்தால் அரசி இல்லை, அரசி இருந்தால் மீசை இல்லை. நீ கண்ணாடிக்கு முன்னால் நின்று மேலுதட்டைத் தடவித் தடவி யோசிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் அதற்கு முன், நீ பொலிஸுக்குள் இருந்த அந்தப் பின்னேரம் வெளியே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். அன்று அங்கே நின்றவர்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நான்தான். நானே அதை அவிழ்க்கிறேன்.

இந்தக் கூத்து வடக்குக் கரையிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்களோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தது. என் அப்பு அப்படி வந்தவர். அந்தக் காலத்தில் திருவிழா முடிய, விடிய விடிய ஆடுவார்கள். ஆண்கள்தான் ராசா, ஆண்கள்தான் அரசி. ஒரு பகுதியை ஒருவர் விடியும்வரை பாடினால் தொண்டை கிழிந்துவிடும். அதனால் முதல் அரசி என்று ஒருவர், இரண்டாம் அரசி என்று இன்னொருவர். பாதிக் கதையில் முதல் அரசி திரைக்குப் பின்னால் போவார், அதே முடியை, கிரீடத்தை, தலையில் வைத்துக்கொண்டு இரண்டாம் அரசி வருவார். முதலாவது ஆள் நெட்டை, இரண்டாவது ஆள் கட்டை என்றாலும் சனத்துக்கு அவர் ஒரே அரசிதான். சண்டை வந்த பிறகு இருட்டினால் ஒருவரும் வெளியே இறங்குவதில்லை என்றானது. மண்டபம் பூட்டிக் கிடந்தது. அப்போது நீதான், கோட்டையில் கப்பல் கம்பனியில் கணக்கெழுதுகிற பெடியன், முழுக் கூத்தையும் உட்கார்ந்து வெட்டி ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்துக்குள் அடக்கினாய். பழைய ஆட்கள் ஒரு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. "பகல் வெளிச்சத்தில பூசின பவுடர் தெரியுமடா" என்றார் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். "தெரியட்டும்" என்றாய். ரெஜிபோம் அட்டையில் முடி வெட்டி, புறக்கோட்டையில் வாங்கின கண்ணாடி மணி ஒட்டினாய். லொட்ஜுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கிற சனமெல்லாம் வந்து கதிரை போதாமல் நிலத்தில் இருந்து பார்த்தது. பாட்டுக்குப் பாட்டு அவர்களும் வாய்க்குள் பாடினார்கள். போகிறபோது கசெட்டில் பதிந்துகொண்டு போனார்கள். இந்தக் கூத்து அழிகிறது என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிற ஒருவரும் பார்க்க வந்ததில்லை.

அண்ணாவியார் என்றதும் எனக்கு ஒரு கணக்கு ஞாபகம் வரும். இன்றைக்கு எங்கள் ஒழுங்கை முடிவில் தையல் கடை வைத்துக்கொண்டு உங்கள் எல்லோரையும் ஆட்டிவைக்கிற சவிரிமுத்து அண்ணாவியார், அன்றைக்கு அரும்புமீசைப் பெடியன். அவருடைய தகப்பன்தான் அப்போது அண்ணாவியார், இவர் பின்னால் நின்று மத்தளம் அடிப்பார். நான் தாவணி வயது. கூத்துப் பழகுகிற இடத்துக்குப் போய், "எனக்கும் அரசிப் பாட்டுத் தெரியும், பாடட்டோ?" என்று கேட்டேன். தகப்பன் வாயைத் திறக்க முதல் இவர் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளையள் பாக்க வரலாம். வாறதெண்டா தேத்தண்ணி கொண்டு வா." எல்லோரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். ஒவ்வொரு பழக்கத்துக்கும் கொண்டுபோனேன். கோப்பை கொடுக்கிற நேரத்திலும் கோப்பை வாங்குகிற நேரத்திலும் முதல் அரசியையும் இரண்டாம் அரசியையும் முழுதாகக் காதால் எடுத்துக்கொண்டேன். சீனி மட்டும் அவருடைய கோப்பைக்கு ஒருநாளும் போடவில்லை. ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இனி, போன வருஷத்து அந்தச் சனிக்கிழமை. கலியாணப் பேச்சு முடிந்து மோதிரம் மாற்றியிருந்த நேரம். மறுநாள் கூத்து. காலையில் மீசையை வழித்தாய், மண்டபத்தில் உடுப்போடு ஒருதரம் ஆடிப் பார்த்தீர்கள். "வளையல் கைக்குள்ள போகுதில்லையம்மா. நிர்மலா பெரிசு எடுத்து வைச்சிருக்கிறா, அளவு பாத்துக்கொண்டு வாறன்" என்று, அரசியின் பையையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாய். நீ அரசி ஆடுவது நீ கட்டப்போகிற நிர்மலாவுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்கு நீ கோயிலில் பாடுகிற பிள்ளை என்று மட்டும்தான் தெரியும். காலி வீதியில் செக்கிங். ஐசி அடையாள அட்டையில் இருக்கிற ஆளுக்குக் கட்டை மீசை, பஸ்ஸால் இறங்கி நிற்கிற ஆளுக்கு மீசை இல்லை. கழுத்தில் றோஸ் பவுடர், கண்ணில் கழுவியும் போகாத மை. பையைத் திறந்தால் நீளக் கூந்தலும் சேலையும். வேறு என்ன நினைப்பார்கள்? வேடம் மாற்றித் திரிகிறவன் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஏற்றிக்கொண்டு போன இரண்டு பிள்ளைகளின் தாய்மார் அப்போதும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீ போகப் புறப்பட்ட வீட்டு விலாசத்தைப் பொலிஸில் கொடுத்திருந்தாய். அங்கிருந்து ஆள் போய் உன் மாமனாரைக் கூப்பிட, நிர்மலா ஓடிப்போய் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்தாள். "மாமி, அழாம வாங்கோ. கூத்துப் படம் ஏதும் இருந்தாக் கொண்டுவாங்கோ. அண்ணாவியாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அந்த நேரத்தில் அத்தனையும் யோசித்திருக்கிறாள், பார். நான் தையல் கடைக்கு ஓடினேன். அண்ணாவியார் கழுத்தில் தொங்கின அளவு நாடாவோடேயே பஸ்ஸில் ஏறினார். வழி முழுக்க நான் செபமாலையை உருட்டினேன் என்று நினைக்காதே. அந்த மனிதர், மீசையைப் பவுடர் பூசி மறைக்கலாம் என்று சொல்லியும், வழிக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் அல்லவா என்று உள்ளே அவரைத் திட்டிக்கொண்டு போனேன். திட்டிக்கொண்டிருந்தால் எனக்குப் பயம் தெரியாது.

போனால், உன் மாமனார் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கந்தோரில் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் நிர்மலா. மேசையில் உன் கூந்தலும் சேலையும் பரத்திக் கிடக்கின்றன. அதுகளுக்கு நடுவே துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டின இரண்டு உருண்டைச் சாமான். சார்ஜன் ஒரு தடியால் அதைத் தொட்டு, "மே மொனவத?" என்றார். இதென்ன என்று கேட்கிறார். உன் மாமனாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அந்தச் சாமான் என்ன என்று தெரியாது. எனக்குச் சாமான் என்ன என்று தெரியும், ஆனால் என்னுடைய சிங்களம் மீன் விலை கேட்கிற சிங்களம். அதில் இதற்குச் சொல் இல்லை. அண்ணாவியார் நிலத்தைப் பார்த்தார். சார்ஜன் குண்டு என்று நினைத்துவிட்டார். ஒரு பொலிஸ்காரரைக் கொண்டு இரண்டையும் மணல் வாளிக்குள் இறக்குவித்து, எல்லோரையும் வாசல் படலையடிக்குப் போகச் சொன்னார். போனோம். அங்கே நின்றுதான் நிர்மலா சிரித்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை; வாய்விட்டே சிரித்தாள். அந்த நேரத்தில், அந்த இடத்தில். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய் நல்ல சிங்களத்தில் சொன்னாள்: "சேர், அது தேங்காய்ச் சிரட்டை. அவர் நாளைக்குக் கோயில் கூத்தில அரசி. அரசிக்கு நெஞ்சு வேண்டாமா?" ஒரு பொலிஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் மாமனார் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

சிரட்டை சிரட்டைதான் என்று அவிழ்த்துப் பார்த்தும் சார்ஜன் விடவில்லை. கூத்து என்று யாரும் சொல்லலாம் என்றார். நான் கொண்டுபோன படத்தைப் பார்த்து, "இது உன் மகளா?" என்று கேட்டார். "புத்தா, மஹத்தயா" என்றேன். "மகன்" என்று சொல்லுமளவுக்கு என் சிங்களம் போதும். அவர் நம்பவில்லை. அண்ணாவியாரைக் காட்டி, "இவர்தான் மாஸ்டர் என்றால் இவர் பாடட்டும்" என்றார். தம்பி, மண்டபத்தில் நின்று கத்தினால் கடற்கரை வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் அன்று வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பயம் எல்லோருக்கும் வரும். அவருக்கு அந்த நேரத்தில் வந்தது. உள்ளே ஒரு கதவுக்கு அப்பால் நீ இருந்தாய். நான் பாடினேன்.

எதைப் பாடுவது என்று நான் யோசிக்கவில்லை. சிறைக்கதவடியில் அரசி காவல்காரனிடம் கெஞ்சுகிற பாட்டு, மகனைக் காட்டச் சொல்லிக் கேட்கிற பாட்டு, அதுதான் வந்தது. "காவலா, கதவைத் திற, என் கண்மணியைக் காட்டிவிடு" என்று தொடங்கி, மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டு, இழுக்கவேண்டிய இடத்தில் இழுத்து, தலையில் முக்காட்டோடு கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாடினேன். மூன்றாம் அடி வரும்போது பக்கத்தில் தாளம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணாவியாருடைய விரல்கள், அவருக்கே தெரியாமல், பொலிஸ் வாங்குப் பலகையில் மத்தளம் அடிக்கின்றன. தேத்தண்ணீர் கொண்டு வா என்று சொன்ன அதே மனிதர், தம்பி, எனக்கு அடித்தார். சார்ஜன் போதும் என்று கையைத் தூக்கினவர் தூக்கின கையோடு நின்றார். உள்ளறையிலிருந்து பெரிய பொலிஸ் ஐயா வெளியே வந்து, யார் ரேடியோ போட்டது, நிறுத்து என்று சத்தம் போட்ட பிறகுதான் நான் நிறுத்தினேன்.

பாட்டுக் கதவைத் திறந்தது என்று நான் சொல்லமாட்டேன். உன் மாமனாருடைய கையெழுத்துத்தான் திறந்தது. பெரிய ஐயா அவரிடம், "உங்களுக்கு இந்த ஆளைத் தெரியுமா, பொறுப்பெடுப்பீங்களா?" என்று கேட்டார். அவர் மேசையில் கிடந்த கூந்தலை ஒருதரம் பார்த்தார், நிர்மலாவைப் பார்த்தார். "என்ர மருமகன்" என்றார். இன்னும் கலியாணம் ஆகவில்லை, ஆனால் அப்படித்தான் சொன்னார். கையெழுத்து வைத்தார். அந்த நாட்களில் இன்னொருவருடைய பிள்ளைக்காகப் பொலிஸில் பேர் எழுதிக் கொடுப்பது என்ன என்று உனக்குத் தெரியும். சொந்தச் சகோதரங்களே ஒளித்துக்கொண்ட காலம். அது என் சாவுமட்டும் மறவாது. உன்னை அண்ணாவியாரோடு ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நன்றி சொல்ல அவர்களுடைய வீட்டுக்கு நடந்தேன். அங்கே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பொம்பிளை வேசம் போடுறவனுக்கோ நான் கையெழுத்து வைச்சனான்?" அதுவும் என் சாவுமட்டும் மறவாது. இரண்டையும் ஒரே முடிச்சில்தான் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றை எடுக்கிறபோது மற்றதும் கூட வரும்.

அந்த வாசலிலேயே நிர்மலா கேட்டாள்: "அப்ப அவர் விட்டா, அரசியை ஆர் ஆடுறது அப்பா?"

"ஆரும் ஆடட்டும். எங்களுக்கென்ன?"

"அப்ப நான் ஆடுறன்."

"உனக்கென்ன விசரே? பேசாமப் போய் மாமிக்குத் தேத்தண்ணி வை."

அந்தச் சொல்லை நான் முதலில் எங்கே கேட்டேன் என்று உனக்கு இப்போது தெரியும். அவள் குசினிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, "மாமி, நீங்க பாடினது எனக்கும் பழக்குவீங்களோ?" என்று கேட்டாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவள் மண்டபத்துக்கு வந்தது எதற்கென்று நினைத்தாய்? உன்னைப் பார்க்க வருகிறாள் என்று நீ சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டாய். அவள் என் பக்கத்தில் இருந்து பாட்டுப் பார்க்க வந்தாள். உன்னைப் பார்த்ததும் உண்மைதான், ஆனால் முதல் வேலை அதில்லை. முதல் அரசிப் பகுதி முழுதும் அவளுக்கு இப்போது வரும். குரல் மெல்லியது, ஆனால் சுருதி பிசகாது.

அதனால் நான் நினைப்பது இது. வெட்டின கூத்தில் எத்தனையையோ விட்டுவிட்டாய், முதல் அரசி இரண்டாம் அரசி என்கிற முறையையும் விட்டுவிட்டாய். அதைத் திருப்பிக் கொண்டுவா. பாதிவரைக்கும் அவள் ஆடட்டும். திரைக்குப் பின்னால் முடியை உனக்குத் தரட்டும். சிறைக்கதவுப் பாட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும். அதை நான் யாருக்கும் பறித்துக் கொடுக்கமாட்டேன். நேற்று அண்ணாவியாரிடம் போய்ச் சொன்னேன். "முதல் அரசிக்கு ஒரு பிள்ளை இருக்கு" என்றேன். "ஆர் பெடியன்?" என்றார். "பெடியன் இல்லை" என்றேன். கத்தரிக்கோல் துணிக்குள் நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப தேத்தண்ணி ஆர் போடுறது?" என்று கேட்டார். அவரும் மறக்கவில்லை, பார்! "நீங்க போடுங்கோ அண்ணாவியார். எனக்குச் சீனி ரெண்டு கரண்டி" என்றேன். அந்தக் கணக்கை அதோடு மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் மூடின கணக்கு அது ஒன்றுதான்.

உன் மாமனாருக்கு ஒளித்து ஒன்றும் செய்யாதே. உனக்காகப் பேர் எழுதிக் கொடுத்த மனிதரை ஏமாற்றினால் அரசிப் பாட்டு உன் வாயில் நிற்காது. கலியாணத்துக்கு மீசையை வளர், படத்தில் மீசையோடு நில். அது அவருக்குச் சேரவேண்டிய மரியாதை, கொடு. ஆனால் அதற்கு முதலே நீயும் நிர்மலாவும் அவருக்கு முன்னால் போய் இருந்து, படத்துக்குப் பிறகு மீசை போகும் என்றும் உங்கள் இருவரில் யார் எப்போது மேடை ஏறுவீர்கள் என்றும் சொல்லுங்கள். என்னைக் கேடயமாகப் பிடிக்காதே, அவளையும் பிடிக்காதே. கோபிப்பார். இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையில் கதைக்கமாட்டார். கோபக்காரர் கூத்துக்கு வருவார், கவலைப்படாதே. கோபத்தோடு வருகிறவர்கள்தான் நேரத்துக்கே வந்து முன்வரிசைக் கதிரையைப் பிடிப்பார்கள். கூத்து மாதத்தில் காலி வீதிப் பக்கம் போவதென்றால் பங்குச் சுவாமியிடம் ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப்பையில் வை. சிரட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போ.

கடைசியாக ஒன்று. உள்ளே இருந்த நேரம் அரசியின் பாட்டு உன் காதில் கேட்டது என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறாய். பயத்தில் மனம் தானாகப் பாடியது என்று நீ சொல்கிறாய், அந்தோனியார் பாடுவித்தார் என்று பிலோமினா மாமி சொல்கிறாள். "ஆனா எங்கட மெட்டைவிட மெதுவாக் கேட்டுது. அதுதான் விளங்கேல்லை" என்பாய். நீ சொன்னபோதெல்லாம் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தோனியாருக்கு வேறு வேலை இருந்திருக்கும். நீ அந்த மூன்றாம் அடியில் எப்போதும் ஓடுகிறாய், தம்பி. மகனைக் கேட்டுக் கதவடியில் நிற்கிறவள் ஓடமாட்டாள். சுவருக்கு அப்பால் ஒருதரம் சரியாகக் கேட்டிருக்கிறாய் அல்லவா, அப்படிப் பாடு.

அம்மா